ஏற்றத்தில் நடந்தால் குறையா? மலைப்பாதை ஓட்டம் குறித்து வாசகர் கேள்விகள்

இரண்டு இதழ்களுக்கு முன் மலைப்பாதை ஓட்டத்தைப் பற்றி எழுதியபோது, தார்ச்சாலையை விட்டு ஒற்றையடிப் பாதையில் ஓடுவதற்குக் காலும் கண்ணும் புதிதாகப் பழக வேண்டும் என்று குறிப்பிட்டிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களிலிருந்து ஆறு கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: நான் வங்கியில் பணியாற்றுகிறேன்; வயது 41. நான்கு ஆண்டுகளாகச் சாலையில் ஓடிவருகிறேன். 21 கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவேன். சென்ற மாதம் ஏற்காட்டில் உறவினரின் காப்பித் தோட்டத்துப் பாதைகளில் 12 கிலோமீட்டர் ஓடினேன். மொத்தம் 600 மீட்டர் ஏறியிருப்பதாகக் கைக்கடிகாரம் காட்டியது. இரண்டே முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஏற்றங்களில் பாதியை நடந்துதான் கடந்தேன். மறுநாளிலிருந்து மூன்று நாட்கள் மாடிப்படியில் இறங்க முடியாத அளவுக்குத் தொடைவலி. என் உடற்தகுதியில் ஏதேனும் குறை இருக்கிறதா?
– வாசகர், சேலம்

பதில்: உடலில் குறையில்லை, அளவுகோல்தான் தவறு. கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்று சாலையில் எண்ணிப் பழகிய மனம், மலையிலும் அதே கணக்கை எதிர்பார்த்து ஏமாந்துபோகிறது. மலைக்குரிய கணக்கை ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நைஸ்மித் என்ற மலையேற்றக்காரர் 1892-ஆம் ஆண்டிலேயே எளிய விதியாகச் சொல்லிவிட்டார்: மூன்று மைல் நடக்க ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். உங்கள் தூரத்தையும் ஏற்றத்தையும் இதில் இட்டுப் பார்த்தால், நன்றாக நடப்பவர் ஒருவருக்கு ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் ஆகும். நீங்கள் அதைவிட முக்கால் மணி நேரம் முன்னதாகவே முடித்திருக்கிறீர்கள்.

ஏற்றத்தில் நடந்ததைக் குற்ற உணர்வோடு எழுதியிருக்கிறீர்கள். அது தேவையில்லை. இத்தாலிய உடலியங்கியல் ஆய்வாளர் ஆல்பெர்ட்டோ மினெட்டியும் அவருடைய குழுவினரும், தேர்ந்த மலையோட்ட வீரர்களை டிரெட்மில்லில் வெவ்வேறு சரிவுகளில் ஓடச்செய்து, அவர்கள் செலவழிக்கும் ஆற்றலை அளந்து 2002-இல் வெளியிட்டார்கள். நூறு மீட்டருக்கு இருபது மீட்டர் உயரும் சரிவில், ஒரு மீட்டர் முன்னேறுவதற்குச் சமதளத்தைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஆற்றல் செலவாகிறது. அத்தகைய சரிவில் சமதள வேகத்தைக் கேட்பது, நிறைமூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வெறுங்கையோடு நடப்பவருடன் போட்டியிடுவதற்கு ஒப்பாகும். பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் வழியாக மோன் பிளாங் மலைத்தொகுதியைச் சுற்றிவரும் புகழ்பெற்ற பந்தயம் 2003 முதல் நடைபெற்றுவருகிறது. ஏறத்தாழ 170 கிலோமீட்டர் தூரமும் 10,000 மீட்டர் ஏற்றமும் கொண்ட அந்தப் பந்தயத்தில், உலகின் முன்னணி வீரர்களே செங்குத்தான இடங்களில் கைகளைத் தொடைமீது ஊன்றியோ கோல்களைப் பிடித்தோ நடந்துதான் ஏறுகிறார்கள்.

தொடைவலிக்குக் காரணம் ஏற்றமன்று, இறக்கம். மேற்சொன்ன அளவீட்டின்படி அதே சரிவில் இறங்கி ஓடுவதற்குச் சமதளத்தில் ஆகும் ஆற்றலில் ஏறத்தாழ பாதிதான் செலவாகிறது. ஆகவே மூச்சு வாங்காது, மனமும் ‘இன்னும் வேகமாகப் போ’ என்று தூண்டும். ஆனால் ஒவ்வோர் அடியிலும் உடலின் எடை முன்னோக்கிப் பாய்வதைத் தடுக்கத் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே இறுகி, வண்டியின் பிரேக்கைப் போல வேலை செய்கிறது. இப்படி நீண்டுகொண்டே இறுகும்போதுதான் தசையிழைகளில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. அந்த வலி மறுநாளில் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாட்களில் உச்சத்தை அடைந்து, பின்பு தானாகவே தணியும். நுரையீரல் நான்காண்டுப் பயிற்சி பெற்றது, தொடையோ அன்றுதான் இந்த வேலைக்குச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறுதலான செய்தி, ஒரு முறை இப்படி அடிபட்ட தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை மிகக் குறைந்த வலியோடு செய்யும் என்பதாகும். எனவே வாரத்துக்கு ஒரு நாள், 200 மீட்டர் நீளமுள்ள மிதமான சரிவில் நான்கைந்து முறை மட்டும் இறங்கி ஓடுங்கள். காலை முன்னே நீட்டிக் குதிகாலில் இறங்காமல், குறுகிய அடிகளாக விரைந்து எடுத்துவையுங்கள்; பார்வை காலடியில் அல்லாமல் நான்கைந்து மீட்டர் முன்னால் இருக்கட்டும். வலிநிவாரணி மாத்திரையை முன்கூட்டியே விழுங்கிவிட்டு ஓடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. வியர்வையால் நீரிழந்த உடலில் அம்மாத்திரைகளுள் பல சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியவை என்பதால் அது வேண்டவே வேண்டாம். கடுமையான ஓட்டத்துக்குப் பின் சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போனால் ஓய்வெடுத்துக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: நான் கணினி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மாதத்துக்கு ஒரு முறையாவது மலைப்பக்கம் போய்வராவிட்டால் எரிச்சலும் தூக்கமின்மையும் வந்துவிடுகின்றன. என் மாமியார் இதை வீண்செலவு என்கிறார். கணவரோ, ‘மொட்டைமாடியில் நடந்தாலும் அதே காற்றுதானே’ என்கிறார். இயற்கையோடு இருக்க வேண்டும் என்பது உண்மையான தேவையா, அல்லது நானே வளர்த்துக்கொண்ட ஆடம்பரமா?
– வாசகி, சென்னை

பதில்: தேவைதான் என்பது என் கருத்து. ஆனால் அந்தத் தேவைக்கு மலைதான் வேண்டும் என்று ஆராய்ச்சிகள் சொல்லவில்லை. உங்கள் கணவருக்கு இந்த ஒரு புள்ளியை விட்டுக்கொடுத்துவிடலாம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலுள்ள மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் ஒப்பிட்டு 1984-இல் வெளியிட்டார். சன்னலுக்கு வெளியே மரங்கள் தெரிந்த அறைகளில் இருந்தவர்கள், செங்கற்சுவர் மட்டுமே தெரிந்த அறைகளில் இருந்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள். அவர்களுக்குக் கடுமையான வலிநிவாரணிகளும் குறைவாகவே தேவைப்பட்டன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது. ஒரு சாராரைப் புல்வெளியும் மரங்களும் உள்ள பாதையிலும், மற்றொரு சாராரை வாகனங்கள் நிறைந்த சாலையோரத்திலும் 90 நிமிடங்கள் நடக்கவிட்டார்கள். பசுமையில் நடந்தவர்களிடம், கசப்பான எண்ணங்களையே திரும்பத் திரும்ப அசைபோடும் போக்கு குறைந்தது. அதனோடு தொடர்புடைய மூளைப்பகுதியின் செயற்பாடும் தணிந்தது. இரு சாராரும் நடந்தது ஒரே அளவு நேரம் என்பதால், பலன் நடையால் மட்டும் வந்ததென்று சொல்ல இயலாது. மொட்டைமாடி வாதத்துக்கு இதுவே பதில்.

இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் திரட்டிய தகவல்களைக் கொண்டு 2019-இல் வந்த ஆய்வு, வாரத்துக்கு மொத்தமாக 120 நிமிடங்களாவது இயற்கைச் சூழலில் கழித்தவர்கள் தங்கள் உடல்நலத்தையும் மனநிறைவையும் மேலானதாகக் கூறியதைக் காட்டியது. அந்த இரண்டு மணி நேரத்தை ஒரே மூச்சில் கழித்தாலும் துண்டுதுண்டாகக் கழித்தாலும் வேறுபாடு தெரியவில்லை; பூங்காவும் கடற்கரையும் அதில் சேர்த்தி. நலமாக இருப்பவர்கள்தாம் வெளியே அதிகம் போகிறார்கள் என்றும் இதைப் படிக்க இடமுண்டு. ஆகவே 120 என்ற எண்ணை மருந்துச்சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனவே மாதம் ஒரு முறை மலை என்பதை விட்டுவிடாமல், அதற்கிடையே உள்ள வாரங்களையும் நிரப்பிக்கொள்ளுங்கள். பெசன்ட் நகர்க் கடற்கரையில் சூரியன் எழும்போது ஈரமணலில் ஓடுவது கணுக்காலுக்கும் நல்ல பயிற்சி. மாமியாரின் மனத்தை ஆராய்ச்சிக் கட்டுரைகளால் மாற்ற முடியும் என்று நான் நம்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் அழைத்துக்கொண்டு திருத்தணிக்குச் சென்று, 365 படிகளையும் ஏறி முருகனைக் கும்பிட்டுவிட்டு வாருங்கள். படிகளில் ஓடக் கூடாது, மற்றவர்களுக்கு இடையூறு; வெறுங்காலோடு நடந்து ஏறி இறங்குவதே தொடைக்குப் போதிய பயிற்சியாகும். தூக்கமின்மை மட்டும், மலைக்குப் போய்வந்த பின்னும் வாரக்கணக்கில் நீடிக்குமானால், அதை ஓட்டத்தால் சரிசெய்யப் பார்க்காமல் மருத்துவரிடம் பேசுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம்.

கேள்வி: நண்பர்கள் ஐவர் சேர்ந்து மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுப்பாதையில் விடியற்காலையில் ஓட நினைக்கிறோம். உள்ளூர்க்காரர் ஒருவர் வழிகாட்டுவதாகச் சொல்கிறார். அனுமதி என்று அலையத்தான் வேண்டுமா?
– வாசகர், தேனி

பதில்: தேனியிலிருந்து இக்கேள்வி வந்திருப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று உங்கள் மாவட்டத்தின் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல் நிறைந்த சரிவில் தீ எழுந்தால் அது மேல்நோக்கி மனிதர் ஓடுவதைவிட விரைவாகப் பரவும். எவ்வளவு பயிற்சி பெற்ற கால்களும் அங்கே உதவமாட்டா. அதன் பிறகுதான் தமிழகத்தில் மலையேற்றத்துக்கெனத் தனி விதிகள் வந்தன. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது அதற்கு முன்பிருந்தே சட்டப்படி குற்றம். சரணாலயங்களுக்கும் புலிகள் காப்பகங்களுக்கும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்து பொருந்தும்.

2024 அக்டோபரில் தமிழக வனத்துறை 14 மாவட்டங்களில் 40 வழித்தடங்களை இணையப் பதிவின் மூலம் திறந்துவிட்டது. உள்ளூர் மக்களிலிருந்து பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் உடன்வருவார்கள். தீ மூளும் கோடை மாதங்களில் அவ்வழிகள் மூடப்படும். அவை நடப்பதற்கானவை, ஓடுவதற்கானவை அல்ல என்று நீங்கள் முணுமுணுக்கலாம். ஓர் இடத்தை முதல் முறை நடந்து பார்க்காமல் ஓடுவதை நானும் ஏற்பதில்லை. ஓட வேண்டுமென்றால் ஊர்களை இணைக்கும் பொதுப்பாதைகளும், உரிமையாளரிடம் கேட்டுப் பெற்ற தோட்டப்பாதைகளும் இருக்கின்றன. அங்கும் நன்றாக வெளுத்த பிறகே கிளம்புங்கள். யானையும் காட்டுமாடும் கரடியும் தோட்டங்களில் நடமாடுவது இருள்பிரியும் வேளையிலும் அந்திக்குப் பின்னும்தான். சத்தமின்றி விரைந்து வளைவில் திரும்பும் மனிதனைக் கண்டு திடுக்கிடும் விலங்கே தாக்குகிறது. ஆகவே காதில் பாட்டுக்கருவி வேண்டாம், வளைவுகளில் பேசிக்கொண்டே செல்லுங்கள், புதிய சாணத்தைக் கண்டால் திரும்பிவிடுங்கள். உங்கள் உள்ளூர்க்காரர் வழியறிந்தவராக இருக்கலாம். வனத்துறை பிடித்தால் அபராதம் கட்டப்போவது நீங்கள் ஐவரும்தான்.

கேள்வி: வால்பாறைப் பக்கம் மழைக்காலத்தில் ஓடினால் அட்டைக்கடிக்கு என்ன செய்வது?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: முழங்கால்வரை இறுக்கமாக நெய்த காலுறையை அணிந்து, அதன்மேல் உப்புநீரோ புகையிலை ஊறிய நீரோ தடவிக்கொள்வது தோட்டப் பகுதிகளில் பழகிய வழி. ஓடிக்கொண்டிருக்கும் வரை அட்டை ஏறுவது குறைவு, நின்று படம் எடுக்கும்போதுதான் ஏறும். ஏறிவிட்டால் பிய்த்து இழுக்காமல், அதன் வாய் பதிந்த இடத்தில் நகத்தைச் செருகித் தள்ளிவிடுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது செலுத்தியிருப்பதால் கடிவாயில் சிறிது நேரம் கசியும். சோப்பால் கழுவி அழுத்திப் பிடித்தால் போதும்.

நான் அட்டையைவிட அஞ்சுவது கண்ணுக்குத் தெரியாத ஓர் உண்ணியை. புதர்ச்செடிகளிலும் புல்லிலும் இருக்கும் அதன் இளம்பருவக் குஞ்சு கடிப்பதால் ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல் வருகிறது. தமிழக மலையடிவாரங்களில் இது அரிதன்று. ஓடிவிட்டு வந்து ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் கடுங்காய்ச்சலும் தலைவலியும் கண்டால், ‘புதர்ப்பாதையில் ஓடினேன்’ என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். உரிய நேரத்தில் டாக்சிசைக்கிளின் கொடுத்தால் விரைவில் குணமாகும்; விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: எங்கள் மகனுக்கு 23 வயது. கிழமை முழுவதும் அலுவலகத்தில் இருந்துவிட்டு, சனிக்கிழமை வந்தால் தனியாக அல்ப்ஸ் மலைகளில் ஓடப் போய்விடுகிறான். ‘அங்கே போனால்தான் அம்மா மூச்சு வருகிறது’ என்கிறான். அவன் திரும்பி வரும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை. தடுக்கவும் மனமில்லை. என்ன சொல்லி அனுப்புவது?
– வாசகி, பேர்ண், சுவிட்சர்லாந்து

பதில்: மலைக்குப் போகாதே என்று சொல்ல வேண்டாம், எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவன் வாழும் நாடு இவ்வகையில் கொடுத்துவைத்தது. 65,000 கிலோமீட்டர் நடைபாதைகள் அங்கே அடையாளமிடப்பட்டுள்ளன. மஞ்சள் கைகாட்டிகளில் தூரத்துக்குப் பதிலாக நடைநேரத்தை எழுதியிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சேலத்து வாசகருக்கு நான் சொன்ன கணக்கை அந்நாடு பலகையிலேயே எழுதி நட்டுவைத்திருக்கிறது. வெள்ளை–சிவப்பு–வெள்ளைக் கோடு மலைப்பாதையைக் குறிக்கும். அதில் அவன் ஓடலாம். வெள்ளை–நீலம்–வெள்ளை என்றால் பாறையும் பனிச்சரிவும் உள்ள வழி. அங்கே தனியாகப் போவதில்லை என்று மட்டும் உறுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மலையில் ஓடுவோரைக் கொல்வது பெரும்பாலும் பள்ளம் என்றே நாம் நினைக்கிறோம், குளிரை மறந்துவிடுகிறோம். 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலையோட்டத்தில் 172 பேர் கலந்துகொண்டார்கள். நண்பகல் வாக்கில் ஆலங்கட்டியும் உறைமழையும் கடுங்காற்றும் ஒருசேர வீச, அரைக்கால்சட்டையும் மெல்லிய மேற்சட்டையுமாக ஓடியவர்களில் 21 பேர் உடல்வெப்பம் இழந்து இறந்தார்கள். அவர்களில் அந்நாட்டின் தலைசிறந்த வீரர்களும் இருந்தார்கள். மழைக்குக் குகையொன்றில் ஒதுங்கியிருந்த ஆட்டிடையர் ஒருவர், தீமூட்டியும் தம் போர்வைகளைக் கொடுத்தும் ஆறு பேரைக் காப்பாற்றினார். ஓடும்வரை உடல் தன்னைத் தானே சூடாக்கிக்கொள்கிறது; கால் பிசகியோ களைத்தோ நின்றுவிட்டால் நனைந்த உடையும் காற்றும் சேர்ந்து அந்தச் சூட்டைச் சில நிமிடங்களில் உறிஞ்சிவிடும். ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் வெப்பம் ஏறத்தாழ 6.5 பாகை குறைவதால், பேர்ண் நகரில் இதமாக இருக்கும் நாளிலும் மேலே 2,500 மீட்டரில் கைவிரல் விறைக்கும்.

ஆகவே வெயில் காய்ந்தாலும் அவனுடைய முதுகுப்பையில் மழையையும் காற்றையும் தடுக்கும் மேலங்கி, கையுறை, தொப்பி, நெகிழித்தாளாலான அவசரப் போர்வை, ஊதுகுழல் ஆகியவை இருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்தும் ஒரு கிலோ வராது. கோடைப் பிற்பகல்களில் இடிமழை வழக்கமென்பதால் காலையிலேயே தொடங்கி நண்பகலுக்குள் முகட்டைவிட்டு இறங்கிவிடுவது நல்லது. மேய்ச்சல் நிலத்தில் கன்றோடு நிற்கும் பசுக்களையும் மந்தைகாக்கும் நாய்களையும் கடக்கும்போது ஓடாமல், விலகி நடந்து போகச் சொல்லுங்கள். வான்வழி மீட்புச் சேவையின் 1414 என்ற எண் அவனிடமும் உங்களிடமும் இருக்கட்டும். சொன்ன நேரத்துக்கு மேல் எத்தனை மணி நேரம் பொறுத்து அந்த எண்ணை அழைப்பது என்பதை இருவரும் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த ஒரு பேச்சு உங்கள் சனிக்கிழமைகளையும் சற்று எளிதாக்கும்.

கேள்வி: மலைப்பாதைக்கென்று தனிக் காலணி அவசியம் வாங்கத்தான் வேண்டுமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: காய்ந்த மண்பாதையில் சாலைக் காலணியே போதும். சேறும் ஈரப்பாறையும் உள்ள இடத்தில் அடிப்புறம் கட்டைகட்டையாகத் துருத்திய காலணி வழுக்கலைக் குறைக்கும். ஆனால் பாசி படிந்த பாறையில் எந்தக் காலணியும் பிடிக்காது, அங்கே நடந்துவிடுங்கள். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும்போது, ஓடும்போது அணியும் காலுறையோடு கடைக்குப் போய், பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் விட்டு வாங்குங்கள். இறக்கத்தில் கால் முன்னே சறுக்கிவரும். கிளம்புவதற்கு முந்தைய நாள் நகங்களை வெட்டிக்கொள்ளுங்கள். நகம் கறுத்துவிட்டது என்று காலணியைக் குறைசொல்லி என்னிடம் வருபவர்களில் பலர், நகம் வெட்டாமல் மலையிறங்கியவர்கள்.